காண்பதும் காணப்படுவதும்

‘கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்’ என்பது தமிழ் மக்களிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் முதுமொழி. ஆயினும், இம்முதுமொழியை நன்கறிந்தவர்களும், தாம் பெரிதும் விரும்பும் ஒருவரைப் பற்றிக் கேள்விப்பட்ட அளவில் நிறைவு கொள்வதில்லை. ஒருமுறையேனும் அவரை நேரிலே கண்டுவிட வேண்டும் என்று மனம் அவாவுகின்றது. அரசரையும் அறிஞரையும் துறவியையும் காண மக்கள் காதவழி நடந்த காலம் உண்டு. இந்நாளில் அந்த ஆவல் பெரும்பாலும் திரைப்பட நட்சத்திரங்களையே நாடிச் செல்கின்றது. அதனை இளைஞரின் பித்து என்று நகைத்து ஒதுக்குவோர் பலர். நகைப்பது எளிது. அந்த ஆவலின் உள்ளே இருப்பது யாது என்று ஆராய்வதே பயனுடையது. அவ்வாறு ஆராய்வதற்கு யாழ்ப்பாணத்துத் தீவுப்பகுதியைப்போல் ஏற்ற இடம் பிறிதொன்று இல்லை எனலாம். ஏனெனில், அங்கே ‘நேரில்’ என்னும் சொல்லுக்கும் மனிதனுக்கும் நடுவே கடல் கிடக்கின்றது.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் மேற்குக் கரைக்கு அப்பால் மண்டைதீவு, வேலணை, புங்குடுதீவு, காரைநகர், அனலைதீவு, எழுவைதீவு, நயினாதீவு, நெடுந்தீவு ஆகிய நிலப்பகுதிகள் பாக்குக் கடலில் சிதறிக் கிடக்கின்றன. வேலணைத் தீவின் ஓரத்திலே ஊர்காவற்றுறை என்னும் பழைய துறைமுகம் உள்ளது. அதற்கு எதிரே, நீரின் நடுவிலே, கடற்கோட்டை நிற்கின்றது. காரைநகரும் வேலணையும் புங்குடுதீவும் தாம்போதிகளால் பெருநிலத்தோடு இணைக்கப்பட்டுவிட்டன. நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் இன்றும் கடல்வழி அன்றி வேறு வழியில்லை. யாழ்ப்பாணப் பட்டினத்திலிருந்து பஸ் வண்டி ஏறி, பண்ணைத் தாம்போதியைக் கடந்து, வேலணை வழியாகப் புங்குடுதீவின் குறிகட்டுவான் இறங்குதுறையை அடைதல் வேண்டும். அங்கிருந்து நயினாதீவுக்கு இயந்திரப் படகிலே கால்மணி அல்லது சற்று அதிகமான நேரம் செல்லும். நெடுந்தீவுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம். இது கடல் அமைதியாய் இருக்கும் நாளின் கணக்கு. வாடைக்காற்று மூண்டுவிட்டால் கணக்கு வேறு.

ஆதலின் தீவக மக்கள் எதையும் நேரில் காண்பதற்கு முதலிலே படகின் நேரத்தைக் கேட்டறிய வேண்டியவர்கள். பெரிய வைத்தியசாலையும் நீதிமன்றமும் பல்கலைக்கழகமும் அக்கரையிலேயே இருக்கின்றன. எத்தனை மணிக்குக் கடைசிப் படகு என்ற கேள்வியைச் சுற்றியே பயணங்கள் அமைகின்றன. திருமணத்திலும் மரணச் சடங்கிலும் விருந்தினர் நடுவிலே எழுந்து புறப்பட்டால் ஒருவரும் குறை கூறுவதில்லை. படகுக்குப் போகின்றார் என்பது எல்லோருக்கும் விளங்கும். இத்தகைய மக்களிடையே ஒரு நடிகரின் முகம் எவ்வாறு சென்று சேர்ந்தது என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

திரைப்படம் வருவதற்கு முன்னரும் வடபுலத்து மக்களுக்கு நட்சத்திரங்கள் இருந்தனர். கோயில் வீதிகளில் விடிய விடியக் கூத்தும் இசை நாடகமும் நிகழ்ந்தன. கரையோரக் கத்தோலிக்க ஊர்களில் புனிதர்களின் வரலாறுகள் நாட்டுக்கூத்தாக ஆடப்பட்டன. காங்கேசன்துறையைச் சேர்ந்த நடிகமணி வி. வி. வைரமுத்து அரிச்சந்திரனாகச் சுடலையைக் காத்து நின்றபோது, மணலிலே பாய் விரித்து அமர்ந்திருந்த பெண்கள் கண்ணீர் விட்டனர். இங்கே கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. வைரமுத்துவை ‘நேரில் காண வேண்டும்’ என்று ஒருவரும் ஏங்கியதில்லை. அவரை நேரில் அன்றி வேறு எவ்வகையிலும் காண முடியாதன்றோ! அரிதாரம் கலைத்த பின்பு அவரும் மற்றவர்களைப்போல் தேநீர் அருந்துவார். அடுத்த ஊருக்கு வண்டி ஏறுவார். நடிப்பும் நடிகனும் ஒரே இடத்தில், ஒரே மூச்சில் இருந்தன. மேலும், மேடையில் நின்றவருக்கு முன்வரிசையில் உறங்குபவர் யார், விழித்திருப்பவர் யார் என்பது தெரிந்திருந்தது. மக்கள் நடிகரைக் கண்டனர். நடிகரும் மக்களைக் கண்டார்.

திரைப்படம் இந்த ஒப்பந்தத்தை மாற்றிவிட்டது. அது நடிகரின் முகத்தைப் பனையளவு பெரிதாக்கிக் காட்டியது. ஆனால், அவருடைய உடலை எடுத்துக்கொண்டு போய்விட்டது. ஒருகாலத்தில் யாழ்ப்பாணப் பட்டினத்திலே வெலிங்டன், றீகல், வின்சர், ராஜா, ராணி, மனோகரா எனப் படமாளிகைகள் பல இருந்தன. தீவிலிருந்து படம் பார்க்கச் செல்பவர் விடியற்காலையில் புறப்பட்டு, பகற்காட்சி ஒன்றைப் பார்த்துவிட்டு, கடைசிப் பஸ்ஸையும் கடைசிப் படகையும் பிடிக்க ஓடிவர வேண்டியிருந்தது. படத்தின் முடிவைக் காணாமலே எழுந்து வந்தோரும் இருந்திருப்பர். அவர்களுக்குக் கதாநாயகன் வென்ற செய்தியைப் படகிலே பக்கத்தில் இருந்தவர் கூறியிருத்தல் வேண்டும்.

திரையிலே தோன்றும் முகம் பார்ப்பவரின் கண்ணுக்குள் நேராக நோக்குவதுபோல் இருக்கும். ஆயினும் அது ஒருவரையும் காண்பதில்லை. பார்த்தவர் இதனை உள்ளூர அறிவார். ‘நேரில் காண வேண்டும்’ என்னும் ஏக்கம் பிறந்த இடம் இதுவே. அது கூத்தின் குழந்தையன்று, திரைப்படத்தின் குழந்தை.

படமாளிகைக்குச் செல்ல முடியாதவர்களுக்கு வானொலி இருந்தது. இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவை ஒலிபரப்பிய திரைப்படப் பாடல்களைப் பாக்குக் கடலின் இரு கரைகளிலும் மக்கள் கேட்டனர். மயில்வாகனனின் குரலையும், பின்னாளில் கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீத் ஆகியோரின் குரல்களையும் அறியாத தமிழ் வீடு அக்காலத்தில் அரிது. படகோட்டிக்கும் பனையடியில் இருந்தவனுக்கும் அடுப்படியில் நின்ற பெண்ணுக்கும் ஒரே பாடல் ஒரே நேரத்தில் கேட்டது. கடல் குறுக்கிட முடியாத முதலாவது வாகனம் வானொலியே. ஆனால், அது குரலை மாத்திரம் கொண்டுவந்தது. குரலைக் கேட்கக் கேட்க முகத்தைக் காணும் ஆவல் மிகுந்தது. முகத்தைத் திரையிலே காணக் காண ஆளைக் காணும் ஆவல் வளர்ந்தது.

இங்கே யாழ்ப்பாணத்திலேயே பிறந்து, தமிழ்நாட்டுத் திரையிலே புகழ்பெற்ற ஒரு பெண்மணியை நினைத்தல் தகும். அவர் கே. தவமணிதேவி. மொடேர்ன் தியேட்டர்ஸ் நிறுவனம் 1937ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘சதி அகல்யா’ என்னும் படத்திலே அவர் கதாநாயகியாகத் தோன்றினார். 1941ஆம் ஆண்டில் வெளிவந்த ‘வனமோகினி’ அவருக்குப் பெரும் புகழ் தந்தது. 1947ஆம் ஆண்டில், எம். ஜி. ராமச்சந்திரன் முதன்முதலாகக் கதாநாயகனாக நடித்த ‘ராஜகுமாரி’யிலும் அவருக்கு முக்கியமான பாத்திரம் இருந்தது. ‘சிங்களத்துக் குயில்’ என்று தமிழ்நாட்டு விளம்பரங்கள் அவரைப் புகழ்ந்தன. யாழ்ப்பாணத்துத் தமிழ்ப் பெண்ணொருவர் அக்கரையிலே சிங்களத்துக் குயிலாகிவிட்டார்! கடலைக் கடக்கும்போது மனிதரின் பெயரும் ஊரும் இவ்வாறு மாறிவிடுவதுண்டு.

தவமணிதேவி பின்னாளில் திரையுலகத்தை விட்டு நீங்கி இராமேசுவரத்திலே வாழ்ந்தார். 2001ஆம் ஆண்டில் அங்கேயே காலமானார். இராமேசுவரம் எங்கே இருக்கின்றது? நெடுந்தீவின் தென்மேற்குக் கரையிலே நின்று கடலை நோக்கினால், கச்சதீவுக்கும் அப்பால் இருக்கின்றது. யாழ்ப்பாணம் பெற்ற முதல் திரை நட்சத்திரம் தம் முதுமையைத் தம் நாட்டுக் கரைக்கு நேர் எதிர்க்கரையிலே கழித்தார். அத்தனை அண்மையிலே ஒரு நட்சத்திரம் இருந்தும், தீவக மக்கள் அவரைக் காணும் வாய்ப்பு இல்லாதிருந்தது. அவருடைய முதுமைக்காலத்தின் பெரும்பகுதியில் அக்கடலிலே போர் நடந்துகொண்டிருந்தது. அண்மை என்பது தூரத்தின் அளவில் மட்டும் அமைவதன்று என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

1965ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதத்தில் எம். ஜி. ராமச்சந்திரனும் பி. சரோஜாதேவியும் இலங்கைக்கு வந்தனர். அவ்வாண்டின் தொடக்கத்திலே, இருவரும் சேர்ந்து நடித்த ‘எங்க வீட்டுப் பிள்ளை’ வெளியாகிப் பெருவெற்றி பெற்றிருந்தது. இலங்கைத் தமிழர்களுக்கு அந்த வருகையில் மேலும் ஓர் உரிமை இருந்தது. எம். ஜி. ராமச்சந்திரன் 1917ஆம் ஆண்டிலே இம்மண்ணில், மலையகத்தின் நாவலப்பிட்டியிலே பிறந்தவர். சிறு பிள்ளையாக நாட்டை விட்டுச் சென்றவர் மக்கள் திலகமாகத் திரும்பி வந்தார். ஆகவே மக்கள் அவரைப் பார்க்கச் சென்றது ஒரு நடிகரைப் பார்க்கச் சென்றது மட்டுமன்று; வெளியூர் சென்று பேர்பெற்ற வீட்டுப் பிள்ளை திரும்பி வந்தால் படலைக்கு வெளியே வந்து நிற்பதைப் போன்றதும் ஆகும். ‘நம்மை அவருக்கு நினைவிருக்கின்றது’ என்னும் மகிழ்ச்சியே அதில் மேலோங்கி நின்றது.

நேயர்களே, இங்கேதான் ஆவலின் உட்பொருள் சற்றே வெளிப்படுகின்றது. நட்சத்திரத்தைக் காணச் செல்பவர் தாம் காண்பதற்காக மாத்திரம் செல்வதில்லை. தாமும் காணப்பட வேண்டும் என்றே செல்கின்றார். ஆயிரம் முறை திரையிலே பார்த்த அந்தக் கண்கள் ஒரு நொடியேனும் தம் பக்கம் திரும்ப வேண்டும், கை அசைத்தால் அது தம்மை நோக்கி அசைத்ததாக இருக்க வேண்டும் என்பதே அவரது உள்ளத்து வேண்டுதல். கூட்டத்திலே நின்று திரும்பிய எவரையும் கேட்டுப் பாருங்கள். ‘அவரைப் பார்த்தேன்’ என்று தொடங்குவார். ‘அவர் என்னைப் பார்த்தார்’ என்று முடிப்பார். கடலுக்கு அப்பால், எவரும் வந்து பாராத ஓர் ஊரிலே வாழ்பவருக்கு இந்த வேண்டுதல் இன்னும் ஆழமானது.

இலங்கையிலே தமிழ்த் திரைப்படம் 1962ஆம் ஆண்டில் ‘சமுதாயம்’ என்னும் படத்துடன் தொடங்கியது. அதன்பின் வந்த படங்களின் நடிகர்கள் வேறொரு வகை நட்சத்திரங்கள். அவர்கள் பகலிலே அலுவலகங்களில் பணிபுரிந்தவர்கள். வானொலி நாடகங்களில் நடித்தவர்கள். பஸ்ஸிலே பக்கத்து ஆசனத்தில் இருக்கக் கூடியவர்கள். 1978ஆம் ஆண்டில் ‘வாடைக்காற்று’ வெளிவந்தது. செங்கை ஆழியானின் நாவலைத் தழுவி, பிரேம்நாத் மொறாயஸ் இயக்கிய படம் அது. வாடைக்காற்று வீசும் பருவத்திலே நெடுந்தீவுக் கரைக்கு வந்து வாடி அமைத்துத் தொழில் செய்யும் மீனவர்களின் கதையை அந்நாவல் கூறுகின்றது. ஏ. ஈ. மனோகரன், கே. எஸ். பாலச்சந்திரன், ஆனந்தராணி முதலியோர் படத்தில் நடித்தனர்.

மனோகரன் பொப் இசைப் பாடகராக நாடறிந்தவர். ‘சுராங்கனி’ என்னும் பாடல் அவரைக் கடல்கடந்தும் கொண்டு சென்றது. பின்னர் அவர் தமிழ்நாட்டிலே வாழ்ந்து 2018ஆம் ஆண்டில் சென்னையில் காலமானார். பாலச்சந்திரனோ ‘அண்ணை றைற்’ என்னும் தனிநடிப்பினால் வீடுதோறும் அறியப்பட்டவர். பஸ் கொண்டக்டர் ஒருவரின் பேச்சையும் சைகையையும் அவர் ஒருவராகவே மேடையில் நடித்துக் காட்டினார். யாழ்ப்பாணத்துப் பஸ்ஸிலே நெருக்குண்டு பயணம் செய்த எவரும் அதிலே தம்மையே கண்டு சிரித்தனர். அவர் 2014ஆம் ஆண்டில் கனடாவிலே காலமானார்.

‘வாடைக்காற்று’ தீவக மக்களுக்குச் செய்தது என்ன? அதுவரை அவர்கள் திரையிலே கண்டவை மதுரையும் சென்னையும், அரண்மனைகளும் மாளிகைகளும். இப்போது அவர்களுடைய கடலும் காற்றும் வலையும் பேச்சும் கதைப்பொருளாகத் திரைக்கு ஏறின. இதுவும் ஒருவகை ‘நேரில் காணல்’ எனலாம். ஒரு நட்சத்திரம் தீவுக்கு வந்து மக்களைப் பார்க்கவில்லை. ஆனால், ஓர் எழுத்தாளன் அவர்களைப் பார்த்திருந்தான். அவன் பார்த்ததைத் திரை பெரிதாக்கிக் காட்டியது.

அதன் பின்னர் வந்த ஆண்டுகள் யாவரும் அறிந்தவை. 1985ஆம் ஆண்டு மே மாதம் 15ஆம் நாள், நெடுந்தீவுக்கும் குறிகட்டுவானுக்கும் இடையே ஓடிய ‘குமுதினி’ப் படகிலே சென்ற பயணிகள் பலர் கடலில் வைத்துக் கொல்லப்பட்டனர். படகு ஏறுவதே உயிரைப் பணயம் வைப்பதாயிற்று. 1990ஆம், 1991ஆம் ஆண்டுகளில் தீவக மக்களிற் பெரும்பாலோர் இடம்பெயர்ந்தனர். மின்சாரம் அற்ற குடாநாட்டிலே மக்கள் மிதிவண்டியின் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டனர். ஒரு தொலைக்காட்சிப் பெட்டியையும் ‘டெக்’ என்று அழைக்கப்பட்ட வீடியோக் கருவியையும் மின்பிறப்பாக்கியையும் ஓர் இரவுக்கு வாடகைக்கு எடுத்து, அயலார் அனைவரும் முற்றத்தில் கூடி, விடியுமட்டும் மூன்று நான்கு படங்களைத் தொடர்ந்து பார்த்தனர். எரிபொருள் தீர்ந்தால் படமும் தீர்ந்துவிடும். படகுக்காகப் பாதியில் எழுந்தவர்கள் இப்போது மண்ணெண்ணெய்க்காகப் பாதியில் எழுந்தனர்.

அதே காலத்தில் வேறொரு மாற்றமும் நிகழ்ந்தது. புங்குடுதீவிலிருந்தும் வேலணையிலிருந்தும் நெடுந்தீவிலிருந்தும் புறப்பட்டவர்கள் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் சூரிச்சிலும் பாரிசிலும் குடியேறினர். அவர்கள் வாழும் நகரங்களைத் தேடித் தமிழ்நாட்டு நட்சத்திரங்கள் விமானம் ஏறிச் சென்றனர். நட்சத்திர இரவு என்னும் பெயரில் நிகழ்ச்சிகள் நடந்தன. இதன் விளைவு வியப்பானது. தீவின் முற்றத்தில் பிறந்த பிள்ளை பனிகொட்டும் நகரத்திலே நடிகருடன் நின்று படம் எடுத்துக்கொண்டது. அந்தப் படம் தபாலிலே தீவுக்கு வந்தது. வீட்டில் எஞ்சியிருந்த பாட்டி, நடிகரின் முகத்தை ஒருமுறை பார்த்தாள்; பேரப்பிள்ளையின் முகத்தைப் பலமுறை பார்த்தாள். அவளுக்கு நேரில் காணக் கிடைக்காத நட்சத்திரம் அந்தப் பிள்ளையே.

போர் 2009ஆம் ஆண்டில் முடிந்தது. 2019ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதத்தில் பலாலி, யாழ்ப்பாணச் சர்வதேச விமான நிலையம் என்னும் பெயருடன் மீண்டும் திறக்கப்பட்டது. சென்னையிலிருந்து வரும் விமானம் ஒன்றரை மணி நேரத்துக்குள் அங்கே இறங்கிவிடும். நெடுந்தீவிலிருந்து ஒருவர் படகும் பஸ்ஸும் மாறி யாழ்ப்பாண நகரை அடைய அதனிலும் கூடுதலான நேரம் வேண்டும். கோடம்பாக்கத்து நடிகருக்கு யாழ்ப்பாணம் நெடுந்தீவு மனிதருக்கு இருப்பதைவிட அண்மையில் வந்துவிட்டது.

2024ஆம் ஆண்டு பெப்ரவரி 9ஆம் நாள் மாலை, யாழ்ப்பாணம் முற்றவெளியிலே பாடகர் ஹரிஹரனின் இசை நிகழ்ச்சி நடைபெற்றது. தமன்னா, யோகி பாபு உள்ளிட்ட திரைப்படக் கலைஞர்கள் அதில் கலந்துகொண்டனர். கோட்டைக்கும் கடலுக்கும் அருகே உள்ள அந்த வெளியிலே பெருந்திரளான மக்கள் கூடினர். பின்னால் நின்றவர்கள் தடுப்புகளைக் கடந்து முன்னேறியதால் நிகழ்ச்சி இடையிலே நிறுத்தப்பட்டது; நிலைமை அடங்கிய பின்னர் தொடர்ந்தது. மறுநாள் பலர் பலவாறு பேசினர். பண்பாடு குன்றிவிட்டது என்றனர் சிலர்; ஏற்பாடு போதாது என்றனர் வேறு சிலர். இரண்டிலும் ஓரளவு உண்மை இருக்கலாம். ஆனால் அறுபது ஆண்டுக் காலத்து ஏக்கமும் ஓர் ஒற்றை மாலைப்பொழுதும் எதிரெதிரே நின்றால், மூங்கிலாலும் இரும்பாலும் செய்த தடுப்பு எவ்வளவு நேரம் தாங்கும்? மக்கள் மிக அண்மையிற் செல்ல விரும்பினர். மிக அண்மையிற் செல்ல முயன்றபோது ஒருவராலும் ஒன்றும் காண இயலவில்லை.

அத்தகைய கூட்டத்துக்கு நெடுந்தீவிலிருந்து ஓர் இளைஞர் சென்றார் என்று வைத்துக்கொள்வோம். அவர் பகற்படகிலேயே புறப்பட்டிருத்தல் வேண்டும். நிகழ்ச்சி தொடங்குமுன்னரே கடைசிப் படகு போய்விடும். ஆகவே இரவுக்கு உறவினர் வீட்டுத் திண்ணையை முன்கூட்டியே கேட்டு வைத்திருப்பார். கையிலிருந்த பணத்திலே பஸ்ஸுக்கும் உணவுக்கும் போக மிச்சம் அதிகம் இருந்திராது. கூட்டத்தின் கடைசியிலே நின்று, முன்னால் நின்றவரின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்திருப்பார். மேடையிலே ஓர் உருவம் விரலளவில் அசைந்திருக்கும். அதன் பக்கத்திலே நிறுத்திய பெரிய திரையில் அதே முகம் தெளிவாகத் தெரிந்திருக்கும். அவருடைய கண் எதனைப் பார்த்தது? திரையைத்தான் பார்த்திருக்கும். மறுநாட் காலை குறிகட்டுவானிலே படகு ஏறி வீடு சேர்ந்தபோது, தாய் கேட்பாள்: “கண்டனியோ?” மகன் சொல்வான்: “ஓம், கண்டனான். ஆனால், படத்திலைதான் வடிவாய்த் தெரியும்.”

இந்த விடையைக் கேட்டு வருந்த வேண்டியதில்லை. அதில் ஏமாற்றத்தைவிடத் தெளிவே அதிகம். கண் தேடியது உருவத்தை மாத்திரமாயின் அது திரையிலேயே நிறைவாகக் கிடைக்கின்றது. நேரிற் சென்றவர் தேடியது வேறு. அது அங்கே கிடைக்கவில்லை. அது கிடைக்கும் இடம் எது என்பதைத் தீவகம் நெடுங்காலமாகவே அறிந்து வைத்திருக்கின்றது.

நயினாதீவிலே நாகபூசணி அம்மன் ஆலயத்தின் பெருந்திருவிழா ஆண்டுதோறும் ஆனி மாதத்தில் நடைபெறுகின்றது. மணிமேகலை கூறும் மணிபல்லவம் இத்தீவே எனக் கருதுவோர் பலர். பௌத்தர்களுக்கும் இது புனித தலம். நாகதீப விகாரையை வழிபடத் தென்னிலங்கை மக்களும் அதே குறிகட்டுவானில் அதே படகுகளிலே ஏறுகின்றனர். தேர்த் திருவிழா நாளிலே படகுகள் ஓயாமல் சென்று வருகின்றன. வந்த மக்களுக்கு அன்னதானம் உண்டு. அங்கும் பெருங்கூட்டம், அங்கும் ஒரு திருமுகத்தைக் காணும் தாகம். கருவறையில் இருக்கும் மூலமூர்த்தியைக் காண்பதற்கு மக்கள் உள்ளே செல்ல வேண்டும். எழுந்தருளி மூர்த்தியோ மக்களைக் காண்பதற்காக வெளியே வருவது. நோயாளியும் முதியவரும் கைக்குழந்தையை ஏந்திய தாயும் இருக்கும் இடத்துக்கே தேர் வருகின்றது. ஆதலால் எவரும் முட்டிமோத வேண்டியதில்லை. நின்ற இடத்தில் நின்றால் அம்மன் அவ்வழியே வருவாள். நான்கு வீதியும் வருவாள். பின்வரிசை என்று ஒன்று அங்கே இல்லை. தந்தை பிள்ளையைத் தோளில் தூக்கி, “பார், பார்” என்கின்றார். அம்மன் தன் பிள்ளையைப் பார்க்க வேண்டும் என்பதற்காகவும் அவர் தூக்குகின்றார்.

மனிதரைத் தெய்வத்தோடு ஒப்பிடுவது இங்கே நோக்கமன்று. ஆனால், கூட்டத்தை அமைதிப்படுத்துவது கயிறும் தடியும் அல்ல, தானும் காணப்படுவேன் என்னும் நம்பிக்கையே என்பதை அந்தத் தேர் கற்பிக்கின்றது. முற்றவெளியில் முண்டியவர்களிடத்து அந்த நம்பிக்கை இருக்கவில்லை. இன்று தவறினால் இனி என்றும் இல்லை என்று அவர்கள் எண்ணினர். கடைசிப் படகைத் தவறவிடக் கூடாதென்று ஓடிப் பழகிய மக்கள் அவ்வாறு எண்ணியதில் வியப்பும் இல்லை.

2015ஆம் ஆண்டில் யாழ்ப்பாணச் சர்வதேசத் திரைப்பட விழா தொடங்கியது. இத்தகைய விழாக்களிலே வேறொரு வழக்கம் உண்டு. மக்கள் முதலிலே அமர்ந்து படத்தைப் பார்க்கின்றனர். படம் முடிந்து விளக்கு எரிந்ததும், அதனை ஆக்கியவரோ நடித்தவரோ எழுந்து முன்னே வந்து நிற்கின்றார். பார்த்தவர் கை உயர்த்திக் கேள்வி கேட்கின்றார். வந்தவர் கேட்டவரின் முகத்தைப் பார்த்து விடை கூறுகின்றார். ஐம்பது பேர் இருக்கும் மண்டபத்திலும் இது நிகழலாம். அங்கே பெரிய நட்சத்திரங்கள் இல்லாதிருக்கலாம். ஆனால், வைரமுத்துவின் காலத்தில் இருந்து, பின்னர் தொலைந்துபோன அந்தப் பழைய ஒப்பந்தம் சிறிது நேரத்துக்கு மீண்டுவிடுகின்றது.

அந்த வழக்கம் பண்ணைத் தாம்போதியைக் கடந்து தீவகத்துக்கும் வருதல் கூடும். நெடுந்தீவின் கல்வேலிகளுக்கு நடுவே உள்ள ஒரு பாடசாலை முற்றத்திலே வெள்ளைத் துணி கட்டி, மாலைக் காற்று அதனை அசைக்க, ‘வாடைக்காற்று’ப் போன்ற ஒரு படத்தைக் காட்டுவது பெருஞ் செலவான காரியமன்று. படம் முடிந்தபின் அதில் நடித்த ஒருவர், எவ்வளவு சிறிய பாத்திரத்தில் நடித்தவராயினும், எழுந்து நின்று அங்குள்ள மக்களோடு பேசுவாராயின் அதுவே திருவிழா. ஆனால், அவர் ஒரு நிபந்தனைக்கு உடன்பட வேண்டும். இரவிலே திரும்பிச் செல்லப் படகு இல்லை. அவர் தீவிலேயே தங்க வேண்டும். அவர்கள் கொடுக்கும் ஒடியற் கூழை அருந்தி, அவர்கள் விரித்த பாயிலே படுத்து, விடியற்காலை அவர்களோடு சேர்ந்து இறங்குதுறையிலே படகுக்குக் காத்து நிற்க வேண்டும்.

அப்போது தீவக மக்கள் அவரை நன்றாகக் கண்டிருப்பார்கள். அவரும் அவர்களைக் கண்டிருப்பார்.